கிணற்றுக் காசு

அன்ரனிட்டாவுக்குப் பயம் தராத பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்று இருந்ததென்றால் அது பழைய வெள்ளிக்காசுதான். மற்ற எல்லாவற்றுக்கும் அவள் பயந்தாள். பதிவுத் தபாலுக்குப் பயம். வாசற் படலையில் தெரியாத மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் பயம். ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் பொலிஸ் நிலையத்து மதில் வருவதற்கு முன்னமே வீதியைக் கடந்து மற்றப் பக்கத்தால் நடப்பாள். கரம்பொனில் அவளைத் தெரிந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. கடற்தொழில் செய்யும் புருஷன் மரியநாயகம் மட்டும் சிரிப்பதில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆமி வர, சனமெல்லாம் தீவை விட்டு ஓடியபோது, மேலே ஹெலி சுற்றச் சுற்ற, கழுத்தளவு கடல்தண்ணிக்குள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்ற பத்தொன்பது வயதுப் பெட்டையை அவருக்குத் தெரியும். அந்த வள்ளத்தில் இருந்து கை நீட்டி ஏற்றியவர் அவர்தான்.

திரும்பி வந்து குடியேறிய பிறகு ஒரு கூட்டுறவு வங்கியின் அடகுப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. நகையை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பது. வங்கியில் வெள்ளி எடுப்பதில்லை. ஆனாலும் சனங்கள் கொண்டு வந்தார்கள். நெடுந்தீவில் இருந்து, அனலைதீவில் இருந்து, நயினாதீவில் இருந்து, பெட்டியடியில் கிடந்த இராணி காசு, இராசா காசு என்று சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்து, "இதுக்கு ஏதும் பெறுமதி இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாள். தொலைபேசியில் காசு சேர்ப்பவர்களின் குழுக்களில் சேர்ந்து அவர்கள் போடும் படங்களைப் பார்த்தாள். வங்கி வேலையை விட்ட பிறகும் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள்.

காசு பார்ப்பது அவளுக்கு ஆறுதல் தரும் வேலை. முதலில் டிஜிட்டல் தராசில் நிறை. அசல் வெள்ளி ரூபா பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். தேய்ந்தது கொஞ்சம் குறையும், போலி அனேகமாகக் கூடவோ குறையவோ தடுமாறும். பிறகு விளிம்பின் வரிகள். பிறகு முகம்: விக்டோரியா இராணியின் கன்னத்துக்கு மேல் தலைமயிர் இழை இழையாகத் தெரிகிறதா, வழித்து விட்டது போலக் கிடக்கிறதா. வளையம் ஒட்டிச் சங்கிலியில் கோத்த காசென்றால் ஒட்டிய இடத்தில் ஈயத்தின் தழும்பு இருக்கும், விலை பாதியாகிவிடும். புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிக்கொண்டு வருபவர்களிடம், "ஐயோ, இனி மினுக்காதையுங்கோ, கறுப்புத்தான் அதின்ர வயசு" என்பாள். இரண்டு பக்கமும் தொலைபேசியில் படம் எடுத்து வைப்பாள். விலை சொல்வாள். எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கமாட்டாள். காசை விற்கிறவன் சொல்லும் கதையைக் கேட்டால் அதற்குப் பிறகு அந்தக் கதைக்குத் தானும் பொறுப்பு என்பது அவள் நினைப்பு.

அந்த ஆடி மாதம் சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு வீசியது. ஒரு நாள் பின்னேரம் படலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அதில் இருந்து இறங்கியவன் நல்ல உடுப்புப் போட்டிருந்தான், நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். பின்னால் இருந்தவன் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை.

"காசு பாக்கிற அன்ரனிட்டா அக்கா நீங்கள்தானே? நான் பிரதாபன். ஜேர்மனியிலை இருந்து வந்து நிக்கிறன். சுருவிலிலை காணி வாங்கி வீடு கட்டுறன்."

"ஓம் தம்பி, வாங்கோ" என்றாள். கண் மட்டும் ஹெல்மெட்டிலேயே நின்றது.

அவன் பால்மா ரின் ஒன்றைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தான். உள்ளே பேப்பரில் சுற்றிய ஒரு கட்டி. கோழி முட்டையிலும் பார்க்கச் சற்றுப் பெரிது. கறுப்பும் பச்சையுமாகக் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

"அம்மப்பாவின்ர காசு அக்கா. அலுமாரிக்குள்ளை கனகாலமாக் கிடந்து ஒட்டிப்போச்சு. கழட்டி விலை சொல்லுங்கோ. கொழும்பிலை வாங்க ஆள் இருக்கு."

அவள் கட்டியைக் கையில் எடுத்தாள். அலுமாரியில் கிடந்த வெள்ளி காய்ந்த கறுப்பாக இருக்கும், பூச்சி உருண்டை மணக்கும். இது சேறு மணத்தது. உவர்த் தண்ணியில் பல வருஷம் கிடந்தால்தான் வெள்ளியின் மேல் இப்படிச் சாம்பல் பொருக்கு ஏறும். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"ஊறப்போட வேணும் தம்பி. ரெண்டு மூண்டு நாள் செல்லும்."

"சனிக்கிழமை வாறன். ஒருத்தருக்கும் காட்டாதையுங்கோ, சரியோ? புதையல் அது இதெண்டு சனம் கதை கட்டிவிடும்."

சரி என்று தலையாட்டினாள். மோட்டார் சைக்கிள் போன பிறகும் அதன் சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலமை குசினி மேசையில் எனாமல் கோப்பையை வைத்து, பற்றரிக்கு விடுகிற சுத்தத் தண்ணியில் ஊறிய கட்டியை எடுத்தாள். மூங்கில் குச்சியால் மெல்ல நெம்ப, மேல் காசு கழன்றது. விக்டோரியா. பொருக்குக்குக் கீழே முகம் அருமையாக இருந்தது. அடுத்தது எட்வேர்ட், மொட்டைத் தலை தேய்ந்து. பிறகு ஜோர்ஜ் இரண்டு. வேலை கைக்கு வந்ததும் மனம் இலேசாகியது. சின்னதாகப் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

பிறகுதான் துணியைக் கண்டாள். காசுகளின் பச்சை ஏறி, நூல் நூலாக இழை தெரிய, ஒரு சாண் கூட இல்லாத துண்டு. லென்ஸை வைத்துப் பார்த்தாள். வேட்டித் துணி. அது சும்மா சுற்றிக் கிடக்கவில்லை. முடிச்சாக இறுகி இருந்தது. அவளுடைய தகப்பனும் சந்தைக்குப் போகும்போது காசை இப்படித்தான் வேட்டித் தலைப்பில் முடிந்து மடியில் செருகுவார். அலுமாரிக்குள் வைக்கிற காசை எவரும் உடுத்த வேட்டியில் முடிவதில்லை.

கை நின்றுவிட்டது. என்றாலும் மிச்சத்தையும் பிரித்தாள். முடிச்சுக்கும் கடைசி இரண்டு காசுக்கும் நடுவே சேற்றோடு ஒட்டியபடி சின்னதாக ஒன்று இருந்தது. கடற்கல் துண்டாக்கும் என்று நினைத்தாள். தீவில் எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் கடற்கல்தான். ஆனால் கடற்கல்லில் துளை இருக்கும். இது வழவழப்பாக, இரண்டு நுனியும் அகன்று, நடு ஒடுங்கி இருந்தது.

"இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

மரியநாயகம் கை கழுவிவிட்டு வந்தார். அவர் அதை ஒரு மீன்முள் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் மாதாவை வேண்டிக்கொண்டு நின்றாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்து, அதற்குப் பக்கத்தில் தன்னுடைய சுட்டுவிரலை நீட்டினார். நடு விரல்கணுவின் நீளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

அவள் லென்ஸை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அன்ரா, இதைக் கடலிலை போட்டிடும்" என்றார் அவர். "காசைக் கழுவி அந்தாளிட்டைக் குடுத்து அனுப்பும். நாங்கள் ஒண்டும் காணேல்லை."

அவளுக்கும் அதுதான் விருப்பம். ஆனால் இறங்குதுறைக்குக் கொண்டுபோனவள், காசுக்கு வைத்திருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் பைக்குள் அதைப் போட்டபடியே திருப்பிக் கொண்டு வந்தாள். கடலில் போடுகிறதென்றால் ஒரு செபமாவது சொல்ல வேண்டும், என்ன பெயரைச் சொல்லிச் செபிக்கிறது என்று தெரியவில்லை. மாதா படத்துக்குக் கீழே இருந்த மேசை லாச்சிக்குள் துணியையும் அதையும் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு முன்னால் முழந்தாளிட ஏலாமல் போனது.

அன்று பொழுதுபடுவதற்கு முன்னம் பின்வேலியால் ஒருவன் வந்தான். றொஜன். அதே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவன், தண்ணிப் பம்பு வைத்துக் கிணறு இறைத்துத் துப்புரவாக்குவது அவன் தொழில். முகம் வெளுத்திருந்தது.

"அன்ரி, பிரதாபன் அண்ணை உங்களிட்டை ஏதும் கொண்டந்து தந்தவரோ?"

அவளுடைய கண் வீட்டுக்குள், லாச்சிப் பக்கம் போனது. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"அது கிணத்திலை எடுத்தது. நான்தான் எடுத்தனான். கைமாறிக் கைமாறி அவர் வாங்கின தம்பு காணிக் கிணறு. முப்பது வருஷத்துக்கு மேலை தூர்ந்து போய்க் கிடந்தது. சேத்து வாளியிலை அந்தக் கட்டி வந்தது. அவர் சந்தோசமா வாங்கிக்கொண்டார். பிறகு நான் ஏணியிலை இறங்கி ரோச் அடிச்சுப் பாத்தனான்." அவன் வேலிக்கு வெளியே ஒருமுறை பார்த்தான். "தலை அன்ரி. மனுசத் தலை. சேத்துக்குள்ளை பாதி."

"அவருக்குத் தெரியுமோ?"

"காட்டினனான். உடனை எல்லாரையும் அனுப்பிப்போட்டார். சனிக்கிழமை மெசின் வருதாம், கல்லுப் போட்டு நிரப்பிறதாம். வாய் திறந்தால் கிணத்துக்குள்ளை இருந்து காசு களவெடுத்தனான் எண்டு பொலிசிலை குடுப்பாராம். எனக்கு ரெண்டு பிள்ளையள் அன்ரி. நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

"பிறகேன் என்னட்டை வந்து சொல்லுறாய்?" என்று அவள் அழுகிற குரலில் கேட்டாள்.

"தனிய வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு" என்றான் அவன்.

தம்புவை அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் சுருவில் சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர். கலியாணம் செய்யாத மனுஷன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு உடைந்த பிஸ்கட்டை அள்ளிக் கொடுப்பார். வங்கியை நம்பமாட்டார், வெள்ளிக்காசை மட்டும் நம்புவார் என்று ஊரில் சொல்வார்கள். எல்லாரும் ஓடிய அன்று, ஆடுகளை ஆர் பார்க்கிறது, நான் பின்னுக்கு வாறன் என்று நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. சில வருஷம் கழித்து, திருச்சிப் பக்கம் ஓர் அகதி முகாமில் அவரைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை இருப்பவள் வேலணையில் இருக்கும் அவருடைய தமக்கையின் மகள் சறோஜினிதேவி. அறுபது வயது தாண்டிய மனுஷி. அன்ரனிட்டாவுக்கு அவளை அடகுப் பிரிவில் பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலமை பஸ் ஏறி அவள் வேலணைக்குப் போனாள். வழி நெடுகச் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கினாள். சறோஜினிதேவி அவளைக் கண்டதும் சந்தோசப்பட்டு, கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றினாள்.

"நல்ல நேரம் வந்தனீர் அன்ரனிட்டா. இதைப் பாரும்" என்று ஒரு படத்தைக் கொண்டு வந்து காட்டினாள். பழைய படம், தம்பு கடை வாசலில் நிற்கிறார். "கடையிலை குடுத்துப் பெரிசாக்கினனான். அடுத்த மாசம் சிதம்பரத்துக்குப் போற ஆக்களிட்டைக் குடுத்துவிடப் போறன். மாமாவுக்கு இப்ப எண்பத்தஞ்சு இருக்கும். எங்கையாவது கோயிலடியிலை இருந்தாலும் இருப்பார்."

அன்ரனிட்டா வாய் திறந்தாள். படத்தில் தம்புவின் வேட்டி மடி சற்றுப் புடைத்திருந்தது கண்ணில் பட்டதும் அவளால் அங்கே இருக்க முடியவில்லை.

"வீட்டிலை நட முருங்கைத் தடி ஒண்டு வெட்டிக்கொண்டு போகலாமெண்டுதான் வந்தனான்" என்றாள்.

முருங்கைத் தடியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஒரு நாள் முந்தி. மரியநாயகம் கடலால் இன்னும் வரவில்லை. பிரதாபன் விறாந்தைக் கதிரையில் இருந்தான். ஹெல்மெட்காரன் இந்த முறை இறங்கி முற்றத்தில் நின்றான்.

"அவசரமாக் கொழும்புக்குப் போகவேண்டிக் கிடக்கு அக்கா. முடிஞ்சதோ?"

அவள் காசுகளைத் துணி விரித்து அடுக்கினாள். ஒன்று உருண்டு அவன் சப்பாத்தடியில் போய் விழுந்தது. அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: இது விக்டோரியா, முகம் தேயவில்லை, நல்ல விலை போகும். இது எட்வேர்ட், தேய்ந்தது, வெள்ளி விலைக்குத்தான் போகும். இந்த ஜோர்ஜ் இரண்டிலும் பொருக்குத் தின்றுவிட்டது, சேர்ப்பவர்கள் எடுக்கமாட்டார்கள். தன் குரல் தூரத்தில் இருந்து வருவது போல இருந்தது.

அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டான். "உதுக்குள்ளை வேறை ஏதும் இருந்ததோ?"

"இல்லைத் தம்பி. சேறு மட்டும்தான்."

சொன்ன பிறகுதான் தன்னுடைய பிழை அவளுக்குத் தெரிந்தது. அலுமாரிக் காசில் சேறு எப்படி வரும்? அவன் அவளுடைய முகத்தையே பார்த்தான். அவன் முகத்திலும் வேர்வை.

"அக்கா, நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. எனக்கு இருபது வயசிலை வெளிக்கிட்டனான். பேக்கரியிலை மாவோடை நிண்டு உழைச்ச காசு முழுக்க அந்தக் காணியிலை கிடக்கு. உது வெளியிலை வந்தால் கோட்டு வழக்கிலை இழுபட்டு இழுபட்டு நான் செத்தாலும் வீடு முடியாது. நாளைக்கு விடிய மெசின் வருது. நீங்களும் ஒண்டும் காணேல்லை. விளங்குதோ?"

அவள் தலையாட்டினாள்.

அவன் காசைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். படியில் இறங்கும்போது திரும்பினான். "அண்ணை தனியத்தானே கடலுக்குப் போறவர்? இந்தக் காத்துக்குள்ளை பாத்துப் போகச் சொல்லுங்கோ."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. அவள் விறாந்தையிலேயே நிலத்தில் இருந்தாள். சோளகம் கடலை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தது. வள்ளம் ஒன்றும் தெரியவில்லை. மரியநாயகம் வழமையாக வருகிற நேரம் தாண்டித் தாண்டிப் போக, அவளுக்குத் தொண்ணூறாம் ஆண்டுத் தண்ணி மறுபடி கழுத்துக்கு ஏறியது. அவர் இயந்திரத்தில் பாசி சிக்கியதால் பிந்தி, நனைந்து, பசியோடு வந்து சேர்ந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடந்ததைச் சொன்னாள்.

மரியநாயகம் தலையைத் துவட்டாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் சொன்னபடி பேசாமல் இருப்பம்" என்றார் கடைசியில். "நாளைக்குக் கிணறு மூடினால் எல்லாம் முடிஞ்சுது."

"முடியாதப்பா" என்றாள் அவள். "மூடினாலும் எனக்குப் பயமாத்தான் கிடக்கும். சறோஜா அக்காவை எங்கை கண்டாலும் பயமாக் கிடக்கும். நீங்கள் கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் பயமாக் கிடக்கும். எப்பிடியும் பயப்பிடத்தானே போறன். எழும்புங்கோ, வெளிச்சம் இருக்கேக்கை பொலிசுக்குப் போயிட்டு வந்திடுவம்."

அவர் சேர்ட்டை மாற்றிக்கொண்டார். லாச்சியைத் திறந்து பிளாஸ்ரிக் பையையும் துணியையும் எடுத்து, சேலைக்குள் செருகிக்கொண்டு அவள் சைக்கிளில் அவருக்குப் பின்னால் ஏறினாள். பொலிஸ் நிலைய வாசலில் இறங்கி, எப்போதும் விலகி நடந்த அந்த மதிலைப் பிடித்துக்கொண்டாள். காவலுக்கு நின்றவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அவளுக்குத் தெரிந்த சிங்களமும் மறந்துபோனது. பெண் பொலிஸ் ஒருத்தி வந்து, கொச்சைத் தமிழில், "என்ன அம்மா பிரச்சனை?" என்று கேட்டு, வாங்கில் இருத்தி, தண்ணி கொடுத்தாள். அன்ரனிட்டா பையையும் துணியையும் எடுத்து மேசையில் வைத்தாள். பெண் பொலிஸ் அதைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைக் கூட்டி வந்தாள்.

காசுகள் இப்போது அவளிடம் இல்லை என்றாலும் படங்கள் தொலைபேசியில் இருந்தன: கட்டியாக, பிரித்த பிறகு, ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும். துணி முடிச்சு, எலும்பு, எல்லாம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். றொஜனின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தாள்.

விடியற்காலை மெசின் சுருவிலுக்குப் போனபோது காணி வாசலில் பொலிஸ் நின்றது.

அந்த நேரத்தில் அன்ரனிட்டா மறுபடி வேலணை பஸ்ஸில் இருந்தாள். பொலிஸ் போய்ச் சொல்வதற்கு முன்னம் தான் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். இந்த முறை வார்த்தை ஒன்றும் அடுக்கவில்லை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த சறோஜினிதேவி நிமிர்ந்தாள்.

"என்ன, தடி பட்டுப்போச்சோ?"

"அக்கா, மாமாவின்ர காணிக் கிணத்துக்குள்ளை ஓர் ஆளின்ர எலும்பு கிடக்கு. நான் நேற்றே சொல்ல வந்தனான். சொல்ல ஏலாமல் போச்சு."

சறோஜினிதேவி விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கேட்டாள். "காசு இருந்ததோ?"

"ஓம் அக்கா."

"மடியிலை முடிஞ்சபடியோ?"

"ஓம்."

"அப்ப அது மாமாதான்" என்று சொல்லிவிட்டு அப்படியே நிலத்தில் குந்தினாள். அழவில்லை. "ஆடு தண்ணி குடிக்கிற தொட்டி கிணத்தடியிலைதான் இருந்தது" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. நீதவான் வந்து பார்த்தார். சட்ட வைத்தியர் முன்னிலையில் கிணறு இறைக்கப்பட்டது. ஊரே வேலியைச் சுற்றி நின்றது. எலும்புகள் பெட்டிகளில் பொதி செய்யப்பட்டுக் கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போயின. றொஜனைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொன்ன பிறகு நித்திரை வருகிறது என்று மனைவியிடம் சொன்னானாம். எலும்பு கிடந்ததை மறைத்ததற்காகப் பிரதாபனைச் சில நாள் உள்ளே வைத்துப் பிணையில் விட்டார்கள்.

அவன் பிணையில் வந்த நாள் தொடங்கி அன்ரனிட்டாவின் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மரியநாயகத்தை அவள் தனியக் கடலுக்கு விடவில்லை. றொஜனின் தமையன் கூடப் போனான். தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டாள். ஒரு நாள் கூரையில் கல் விழுந்த சத்தம் கேட்டு இருவரும் மேசைக்குக் கீழே போனார்கள். வெளியே வந்து பார்த்தால் காற்றுக்குப் பனங்காவோலை விழுந்து கிடந்தது. மரியநாயகம் சிரிக்கத் தொடங்கி, அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

நீதிமன்றத்தில் அவளைச் சாட்சிக்கு அழைத்தார்கள். பிரதாபனிடம் எடுத்த காசுகளை அவளுக்கு முன்னால் வைத்து, இவைதானா என்று கேட்டார்கள். விக்டோரியாவின் காதுக்கு மேலே இருந்த சின்னக் கீறலைக் காட்டி ஓம் என்றாள். பிரதாபனின் வழக்கறிஞர் எழுந்து, அலுமாரியில் கிடந்ததல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அவள் பொருக்கைப் பற்றிச் சொன்னாள். கேட்கவில்லை, உரத்துச் சொல்லுங்கள் என்றார் நீதவான். எதிரே பிரதாபன் இருந்தான். அவன் பக்கம் திரும்பாமல், சாட்சிக்கூண்டின் மரக்கட்டையையே பார்த்து, காய்ந்த கறுப்புக்கும் உவர்ச் சேற்றுப் பொருக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி முடித்தாள். இறங்கி வெளியே வந்து, மதிலோரமாக நின்ற மரியநாயகத்தின் சைக்கிளில் ஏறினாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம், பிரதாபன் படலையில் நின்றான். தனிய. மோட்டார் சைக்கிளும் இல்லை, நடந்து வந்திருந்தான். மரியநாயகம் துடுப்புக் கம்பை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"உள்ளுக்கு வரேல்லை அண்ணை" என்றான் அவன். சேர்ட் கொலர் கழுத்தை விட்டு விலகி நின்றது, மெலிந்திருந்தான். "அண்டைக்குக் கடலைப் பற்றி நான் சொன்னது... நான் அப்பிடி ஒண்டும் செய்யிற ஆளில்லை அக்கா. கூட வந்தவன் என்ர மச்சான், அவனுக்கும் ஒண்டும் தெரியாது. பயத்திலை கதைச்சிட்டன்."

அன்ரனிட்டா மரியநாயகத்துக்குப் பின்னால் நின்றாள். "நான் உங்களை விடப் பயந்தனான் தம்பி" என்றாள். "இண்டைக்கும் பயந்துகொண்டுதான் நிக்கிறன்."

அவன் படலைக் கம்பை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அவள் அவனைக் கூப்பிடவில்லை. கதிரையும் போடவில்லை. வழக்கு முடிந்து தண்டப்பணம் கட்டியபின் அவன் ஜேர்மனிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. காணியில் அத்திவாரம் மட்டும் எருக்கலை முளைத்துக் கிடக்கிறது.

தம்பு எப்படி அந்தக் கிணற்றுக்குள் போனார் என்பதை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எலும்பில் காயம் இருந்ததற்கு அடையாளம் காணவில்லை என்று அறிக்கை வந்தது. ஆட்டுக்குத் தண்ணி அள்ளும்போது விழுந்தாரோ, செல் குண்டுக்குப் பயந்து இறங்கி ஒளித்தாரோ, வேறு ஏதுமோ. சறோஜினிதேவியின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, அவர்தான் என்று உறுதியாகி, எலும்புகள் குடும்பத்திடம் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது. தகனம் முடிந்து கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். முப்பத்தைந்து வருஷம் செய்யாமல் இருந்த கடமை.

சறோஜினிதேவி கேட்டுக்கொண்டதால் அன்ரனிட்டாவும் போனாள். வேதக்காரியான தான் அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் கடைப் பக்கம் ஒதுங்கி நின்றாள். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, சறோஜினிதேவியின் மகன் சாம்பலைக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தான். சறோஜினிதேவி ஈரச் சேலையோடு படியேறி வந்து, அன்ரனிட்டாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீற்றில் இருந்தார்கள். பஸ் பண்ணைச் சந்தியைத் தாண்டி இரண்டு பக்கமும் கடல் வந்ததும் சறோஜினிதேவி தலையை மற்றவளின் தோளில் சாய்த்து நித்திரையாகிப் போனாள். மண்டைதீவுச் சந்தியில் நேவிக்காரன் சோதனைக்குப் பஸ்ஸை மறித்தான். அன்ரனிட்டாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் தோள் அசைந்தால் மனுஷி எழும்பிவிடுவாள் என்று, அவன் ஏறிப் பார்த்து இறங்கும்வரை, அசையாமல் இருந்தாள்.